கோடை விடுமுறையும் பொது நூலகமும்: திருவனந்தபுரம் காட்டும் வழி

கேரளத்தில் மார்ச் மாத இறுதியில் ஆண்டுத் தேர்வுகள் முடிந்ததும் பள்ளிகள் மூடப்படுகின்றன. மீண்டும் திறக்கப்படுவது பெரும்பாலும் ஜூன் முதல் நாளில்தான். இடைப்பட்ட இரண்டு மாதங்களும் மாணவர்களுக்கு ஓய்வுக்காலம். ஆனால் இந்த ஓய்வு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகையாக அமைவதில்லை. வீட்டில் புத்தக அலமாரியும், பயணம் செய்ய வசதியும், கட்டணம் செலுத்திச் சேரத்தக்க பயிற்சி முகாம்களும் உடைய பிள்ளை விடுமுறையிலும் ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொண்டே இருக்கிறது. பெற்றோர் இருவரும் கூலி வேலைக்குச் செல்லும் வீட்டுப் பிள்ளைக்கோ, பள்ளி மூடியவுடன் அச்சிட்ட எழுத்தோடு இருந்த தொடர்பே அற்றுவிடக்கூடும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தக்க பொது நிறுவனம் எது? பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது. மருத்துவமனைக்கும் ஊராட்சி அலுவலகத்திற்கும் வேறு பணிகள் உள்ளன. அந்த இரண்டு மாதங்களிலும் கதவு திறந்திருப்பதும், வயது, சாதி, வருவாய் என்னும் எந்த வேறுபாடும் பாராது அனைவரையும் உள்ளே அழைப்பதும் பொது நூலகம் ஒன்றே. கோடைக்காலத்தில் நூலகங்கள் நடத்தும் இலவச நிகழ்ச்சிகளைப் பொழுதுபோக்கு என்று கருதாமல் கல்வித் திட்டத்தின் ஒரு பகுதியாகக் கருதவேண்டும் என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணமாகும். கேரளத்தின் தலைநகரான திருவனந்தபுரத்தின் நூலக மரபு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

விடுமுறையில் நேரும் இழப்பு

விடுமுறைக்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்களுள் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் பார்பரா ஹெய்ன்ஸ் குறிப்பிடத்தக்கவர். அட்லாண்டா நகரின் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களை ஆராய்ந்து அவர் 1978-ம் ஆண்டில் வெளியிட்ட நூல் இன்றும் இத்துறையில் எடுத்தாளப்படுகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் இடையே கல்வித் திறனில் காணப்படும் வேறுபாடு பள்ளி நடைபெறும் மாதங்களைவிடக் கோடை விடுமுறையில்தான் மிகுதியாக விரிவடைகிறது என்பது அவர் கண்ட முடிவு. விடுமுறையில் குறைந்தது ஆறு புத்தகங்களைப் படித்த மாணவர்கள், எதையும் படிக்காத மாணவர்களைவிட வாசிப்புத் திறனில் முன்னேறியிருந்தனர். கோடைக்காலக் கற்றலோடு மிக நெருங்கிய தொடர்புடைய பொது நிறுவனமாக அவர் கண்டது பொது நூலகத்தையே. நூலகம் வீட்டிற்கு எவ்வளவு அண்மையில் உள்ளது என்பதும் பிள்ளைகளின் வாசிப்பைப் பாதித்தது.

அமெரிக்க நகரம் ஒன்றில் கண்டறிந்ததை அப்படியே நம் நாட்டிற்குப் பொருத்திவிட இயலாது. எனினும் இதன் உட்பொருள் தெளிவானது. பள்ளி என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் வழங்கப்படும் ஊட்டம். அது நிற்கும்போது, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் உள்ளதைக் கொண்டே வாழவேண்டியிருக்கிறது. வீட்டில் இல்லாததை ஊர் கொடுக்கவேண்டும். அவ்வாறு ஊர் கொடுப்பதற்கான ஏற்பாடே நூலகம்.

இருநூறு ஆண்டுகளை நெருங்கும் மரபு

திருவனந்தபுரம் பொது நூலகத்தின் தொடக்கம் 1829-ம் ஆண்டு. சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக்காலம். இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. விக்டோரியா மகாராணியின் ஆட்சியின் வைர விழா நினைவாக எழுப்பப்பட்ட அதன் கட்டடம் 1900-ம் ஆண்டைச் சேர்ந்தது; பாளையம் பகுதியில் இன்றும் நகரின் அடையாளங்களுள் ஒன்றாக நிற்கிறது. 1988-ம் ஆண்டில் அது மாநில மைய நூலகமாக அறிவிக்கப்பட்டது. மலையாளம், ஆங்கிலம் ஆகிய மொழிகளுடன் இந்தி, தமிழ், சமஸ்கிருத நூல்களும் அங்கே உள்ளன. தமிழர் பலர் வாழும் இந்நகரில், தமிழ் வாசகரும் அதன் பயனைப் பெற முடிகிறது.

ஆனால் தலைநகரில் உள்ள ஒரு பெரிய நூலகத்தால் மட்டும் ஒரு மாநிலம் வாசிக்கும் மாநிலமாகிவிடாது. கேரளத்தில் நூலகத்தைக் கிராமத்திற்குக் கொண்டு சென்றது ஒரு மக்கள் இயக்கம். அதன் பெயரோடு பிரிக்க முடியாதவர் பி. என். பணிக்கர். 1909-ம் ஆண்டில் நீலம்பேரூரில் பிறந்த அவர், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1945-ம் ஆண்டு செப்டம்பர் 14-ம் நாள், அம்பலப்புழையில் 47 கிராம நூலகங்களின் பிரதிநிதிகள் கூடிய மாநாட்டில் திருவிதாங்கூர் நூலகச் சங்கம் உருவாயிற்று. மாநிலங்கள் சீரமைக்கப்பட்ட பின் அது கேரள கிரந்தசாலா சங்கம் என விரிந்தது. 32 ஆண்டுகள் பணிக்கர் அதன் செயலாளராக இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடைப்பயணம் மேற்கொண்டு, படித்து வளருமாறு மக்களை வேண்டினார். 1975-ம் ஆண்டில் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா பரிசு சங்கத்திற்கு வழங்கப்பட்டது. 1977-ல் அரசு சங்கத்தின் பொறுப்பை ஏற்றபோது, அதனுடன் இணைந்திருந்த நூலகங்கள் ஆறாயிரத்தை எட்டியிருந்தன.

1991-ம் ஆண்டு ஏப்ரல் 18-ம் நாள் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றிக்குப் பின்னால் தன்னார்வலர் படையும் அரசின் முயற்சியும் இருந்தன. பல பத்தாண்டுகளாகக் கிராமங்களில் வேரூன்றியிருந்த வாசகசாலைகளின் உழைப்பும் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது. எழுதப் படிக்கக் கற்றவர் அதை மறவாதிருக்க, படிக்க ஏதேனும் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் அல்லவா?

இலவசம் என்பதன் பொருள்

நூலக நிகழ்ச்சி இலவசம் என்று சொல்லும்போது, அதற்குச் செலவே இல்லை என்று பொருளல்ல. செலவு முன்னரே பொதுவில் பகிர்ந்துகொள்ளப்பட்டுவிட்டது என்பதே பொருள். கேரளப் பொது நூலகச் சட்டம் 1989-ம் ஆண்டைச் சேர்ந்தது. கட்டட வரி அல்லது சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 5 பைசா வீதம் நூலக வரி வசூலிக்க அது வகை செய்கிறது. கல்விக்கென வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படும் தொகையில் ஒரு சதவீதத்திற்குக் குறையாத தொகையை நூலக நிதிக்கு அரசு அளிக்கவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. மாநில நூலகக் கவுன்சில், மாவட்டக் கவுன்சில், தாலுகாச் சங்கம் என மூன்று நிலைகளில் நிர்வாகம் அமைந்துள்ளது. கிராம நூலகத்தை நடத்துவதோ அந்தந்த ஊர் மக்களே தேர்ந்தெடுக்கும் குழு. அரசின் நிதியும் மக்களின் நிர்வாகமும் இணைந்த இந்த அமைப்பே கேரள நூலகங்களின் தனித்தன்மை.

தமிழ்நாட்டிற்கும் இது புதிய கருத்தன்று. டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதனின் இடைவிடாத முயற்சியின் பயனாக 1948-ம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்து வசூலிக்கும் முறை அதன்மூலம் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, ஓட்டு வீட்டுக்கு வரி செலுத்தும் குடும்பமும் நூலகத்தின் பங்குதாரரே. அக்குடும்பத்தின் பிள்ளை கோடை நிகழ்ச்சிக்கு வரும்போது, யாருடைய தயவையும் நாடி வருவதில்லை. தன் உரிமையைப் பெறவே வருகிறது.

எல்லா வயதினருக்கும் ஓர் இடம்

கேரள நூலகங்களில் சிறுவர்களுக்குப் பாலவேதி, மகளிருக்கு வனிதாவேதி, இளைஞர்களுக்கு யுவஜனவேதி என உட்பிரிவுகள் அமைந்துள்ளன. மலையாளத்தில் வேதி என்றால் மேடை, மன்றம் என்று பொருள். மூத்த குடிமக்களுக்கும் பல நூலகங்களில் இத்தகைய மன்றங்கள் உண்டு. கோடை நிகழ்ச்சிகளைத் திட்டமிடப் புதிய அமைப்பு எதையும் உருவாக்கவேண்டியதில்லை. இருக்கும் மன்றங்களைப் பயன்படுத்தினால் போதும்.

பள்ளி செல்லாத சிறு குழந்தைகளுக்குக் கதை சொல்லுதலே முதன்மையான நிகழ்ச்சி. கதையைக் கேட்ட குழந்தை, அந்தக் கதை இருக்கும் படப் புத்தகத்தைத் தானே கையில் எடுத்துப் பார்க்கும்படி செய்வதுதான் அதன் நோக்கம். தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு ஓவியம், காகித வேலை, பாட்டு, சிறு நாடகம் ஆகியவற்றுடன் உரக்க வாசித்தல் பயன் தரும். திருவனந்தபுரத்தில் 1981-ம் ஆண்டு முதல் இயங்கிவரும் கேரள மாநிலக் குழந்தை இலக்கிய நிறுவனம் சிறுவர் நூல்களையும் "தளிர்" என்னும் சிறுவர் இதழையும் வெளியிட்டு வருவது இவ்வகையில் பெரிய துணை.

உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு வேறு வகையான நிகழ்ச்சிகள் தேவை. படித்த நூலைப் பற்றிக் குறிப்பு எழுதுதல், எளிய அறிவியல் சோதனைகள், வான் நோக்குதல், தங்கள் ஊரின் வரலாற்றைத் தொகுத்தல் ஆகியவை அவர்களுக்கு ஏற்றவை. ஊர்க்குளம் எப்போது வெட்டப்பட்டது, முதல் பள்ளிக்கூடம் எந்த வீட்டுத் திண்ணையில் நடந்தது என்று முதியவர்களிடம் கேட்டு எழுதிவரும் மாணவன், ஒரே முயற்சியில் மூன்று பயன்களைப் பெறுகிறான்: கேட்கக் கற்கிறான், எழுதக் கற்கிறான், தன் ஊரை அறிகிறான். அவனிடம் பேசும் முதியவருக்கோ, தம் நினைவுகளுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்னும் நிறைவு கிடைக்கிறது.

மகளிரை நூலகத்திற்கு அழைப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருப்பதால் தாய்மார்களின் வேலை கூடுகிறது. ஆகவே தனியாக மகளிர் கூட்டம் நடத்துவதைவிட, பிள்ளைகளின் நிகழ்ச்சி நடைபெறும் அதே நேரத்தில் அடுத்த அறையில் தாய்மார்களுக்கு உடல்நலம், சட்ட உரிமை, சிறுதொழில், வாசிப்பு பற்றிய நிகழ்ச்சி நடத்துவது பொருத்தமானது. வர இயலாதவர்களுக்கு வீட்டிற்கே நூல்களைக் கொண்டு சென்று வழங்கும் முறையும் கேரள நூலகங்களில் பழக்கத்தில் உள்ளது. கல்லூரி முடித்த இளைஞர்களுக்குப் போட்டித் தேர்வு நூல்களும் வழிகாட்டுதலும் தேவைப்படுகின்றன. கண் பார்வை குன்றிய முதியவர்களுக்கு இளைஞர் ஒருவர் செய்தித்தாள் படித்துக் காட்டினால், அதற்குப் பணச் செலவு ஒன்றுமில்லை.

இவ்வாறு வயதுக்கேற்ப நிகழ்ச்சிகள் அமைந்தாலும், அவை ஒரே கூரையின்கீழ் நடைபெறுவதில்தான் நூலகத்தின் சிறப்பு அடங்கியிருக்கிறது. பள்ளி, பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கிறது. அலுவலகமும் தொழிற்சாலையும் பெரியவர்களை மட்டுமே ஏற்கின்றன. பாட்டியும் பேரனும் ஒருங்கே சென்று அமரக்கூடிய அறிவுக்கூடம் நூலகத்தைத் தவிர வேறு அரிது. தாத்தா படிப்பதைக் காணும் பேரனுக்கு, படிப்பு என்பது தேர்வோடு முடிந்துவிடுவதன்று என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை

நல்ல திட்டத்திற்குக் காலக் கணக்கு இன்றியமையாதது. திருவனந்தபுரத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பமும் புழுக்கமும் மிகுதி. பிற்பகலிலும் மாலையிலும் இடியுடன் கூடிய கோடை மழை பெய்வதுண்டு. எனவே சிறுவர் நிகழ்ச்சிகளைக் காலையில் நடத்துவதே உகந்தது. உழைக்கும் மக்களுக்கோ ஞாயிற்றுக்கிழமையும் மாலை நேரமுமே வசதியானவை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. பள்ளி திறப்பதும் அதையொட்டியே. ஆகவே வெளியிடங்களில் நடத்தவேண்டிய நிகழ்ச்சிகளை மே மாதத்திற்குள் முடித்துக்கொள்ளவேண்டும்.

பணிக்கர் 1995-ம் ஆண்டு ஜூன் 19-ம் நாள் மறைந்தார். மறு ஆண்டிலிருந்து கேரளம் அந்நாளை வாசிப்பு நாளாகக் கொண்டாடி வருகிறது. 2017 முதல் அது தேசிய அளவிலும் கொண்டாடப்படுகிறது. நூலக இயக்கத்தின் மற்றொரு தலைவரான ஐ. வி. தாஸின் பிறந்த நாள் ஜூலை 7. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலம் வாசிப்புப் பட்சமாகக் கொண்டாடப்படுகிறது. இது ஓர் அரிய வாய்ப்பு. ஏப்ரலில் நூலகத்தில் தொடங்கும் வாசிப்பை, ஜூன் மாதத்தில் பள்ளி ஏற்றுக்கொண்டு தொடரலாம். விடுமுறையில் படித்த நூல்களைப் பற்றி மாணவர்கள் எழுதிய குறிப்புகளை வாசிப்பு நாளன்று வகுப்பறையில் படிக்கச் செய்தால், நூலகத்தின் உழைப்பு பள்ளியின் கணக்கிலும் சேரும். பள்ளியின் ஆதரவு நூலகத்திற்கும் கிட்டும்.

பிற இடங்களின் அனுபவம்

விடுமுறை வாசிப்பு நூலகப் பணியில் பழமையான ஒன்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர நூலகம் 1897-ம் ஆண்டிலேயே சிறுவர் நூலகக் கழகம் ஒன்றைத் தொடங்கியது. பிரிட்டனில் 1999 முதல் பொது நூலகங்கள் வாயிலாகக் கோடை வாசிப்பு இயக்கம் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. விடுமுறையில் ஆறு நூல்களைப் படிப்பது என்ற எளிய இலக்கை அது நெடுங்காலம் பிள்ளைகள்முன் வைத்து வந்தது.

நம் நாட்டில், யுனெஸ்கோவின் துணையுடன் முன்னோடித் திட்டமாக அமைக்கப்பட்ட தில்லிப் பொது நூலகத்தை 1951-ம் ஆண்டு அக்டோபர் 27-ம் நாள் பிரதமர் நேரு திறந்துவைத்தார். கட்டணமின்றி நூல் வழங்குவதோடு, சிறுவர் பகுதி, புதிதாக எழுத்தறிவு பெற்றோருக்கான நூல்கள், சொற்பொழிவு, நாடகம், திரைப்படக் காட்சி ஆகியவற்றையும் நூலகத்தின் இயல்பான பணியாக அது ஏற்றது. யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கையும் 1949-ம் ஆண்டு முதல் இதே கருத்தை வலியுறுத்தி வந்துள்ளது: பொது நிதியில் இயங்கும் நூலகம் கொள்கையளவில் கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டும். 1994, 2022 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களிலும் இக்கொள்கை மாறவில்லை. சென்னையில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் சிறுவர் பகுதிக்குத் தனியிடம் அளித்திருப்பது இந்தத் திசையில் எடுத்துவைத்த அடியாகும்.

களையவேண்டிய குறைகள்

நிகழ்ச்சி நடந்தது என்பதனாலேயே நோக்கம் நிறைவேறிவிட்டது என்று கொள்ள முடியாது. முதலாவது குறை, நிகழ்ச்சியை விழாவாக்கிவிடுவது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று ஒரு காலைப்பொழுது கழிந்து, பிள்ளைகள் ஒரு புத்தகத்தையும் தொடாமலே வீடு திரும்பினால் அது நூலக நிகழ்ச்சி ஆகாது. வரும் ஒவ்வொருவரும் ஒரு நூலுடன் வெளியேறவேண்டும் என்பதை விதியாகவே கொள்ளலாம்.

இரண்டாவது, நிகழ்ச்சி இலவசமாக இருந்தும் நூல் இரவல் பெறுவதற்கு உறுப்பினர் கட்டணமும் காப்புத்தொகையும் தடையாக நிற்பது. தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால் தினக்கூலி பெறும் வீட்டில் அது ஒருவேளை உணவின் விலை. விடுமுறைக் காலத்திற்காவது சிறுவர்களுக்குப் பள்ளித் தலைமையாசிரியர் அல்லது ஊராட்சி உறுப்பினரின் பொறுப்பில் காப்புத்தொகையின்றி நூல் வழங்க வழிசெய்வது நன்மை பயக்கும்.

மூன்றாவது, வழக்கமாக வருபவர்களே மீண்டும் மீண்டும் வருவது. அறிவிப்புப் பலகையைப் படிப்பவர் ஏற்கெனவே நூலகத்திற்கு வருபவர்தான். வராதவரை அழைக்க, கடற்கரைக் குடியிருப்புகளுக்கும் தோட்டத் தொழிலாளர் பகுதிகளுக்கும் வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் இடங்களுக்கும் புத்தகப் பெட்டியுடன் செல்லவேண்டும். மன்னார்குடிப் பகுதியில் 1931-ம் ஆண்டிலேயே மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகச் சென்றிருக்கும்போது, இன்று அது இயலாததன்று.

நான்காவது, நூலகரின் நிலை. கிராம நூலகங்கள் பலவற்றில் நூலகர் பெறுவது சிறு மதிப்பூதியமே. நூல் வழங்குதல், பதிவேடு எழுதுதல், கூட்டுதல் ஆகிய எல்லாவற்றையும் ஒருவரே செய்யும் இடத்தில் இரண்டு மாத நிகழ்ச்சிகளை அவர்மேலேயே சுமத்துவது நியாயமன்று. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆகியோரின் உதவியை மார்ச் மாதத்திலேயே உறுதி செய்துகொள்ளவேண்டும்.

அளவுகோல் எது?

அதிகாரிகள் ஓர் ஆண்டின் பணியை மதிப்பிடும்போது, எத்தனை நிகழ்ச்சிகள், எத்தனை பேர் வருகை என்னும் எண்ணிக்கைகளே அறிக்கையில் இடம்பெறுவது வழக்கம். இவை தேவையே, ஆனால் போதுமானவை அல்ல. முதன்முறையாக நூலகத்திற்கு வந்தவர் எத்தனை பேர், அவர்களுள் நூல் எடுத்துச் சென்றவர் எத்தனை பேர், பள்ளி திறந்தபின் ஜூலையிலும் ஆகஸ்டிலும் மீண்டும் வந்தவர் எத்தனை பேர் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதப்பட்டால்தான் திட்டத்தின் உண்மையான பயன் தெரியவரும். இதற்குச் சிறப்புக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. நூல் வழங்கும் பதிவேட்டைக் கவனித்துப் பார்த்தாலே போதும்.

1945-ல் 47 நூலகங்களோடு தொடங்கிய இயக்கம் இன்று எட்டாயிரத்திற்கும் மேற்பட்ட நூலகங்களாகக் கேரளமெங்கும் பரவியுள்ளது. கட்டடமும் சட்டமும் நிதி வழியும் மன்றங்களும் அமைந்துவிட்டன. எஞ்சியிருப்பது, பள்ளியின் கதவு மூடும் நாளில் நூலகத்தின் கதவை இன்னும் சற்று அகலமாகத் திறந்துவைப்பதே. ஜூன் மாதத்தில் வகுப்பறைக்குத் திரும்பும் ஏழைப் பிள்ளை, மார்ச் மாதத்தில் விட்ட இடத்திலிருந்து பின்தங்காமல் ஓரடியேனும் முன்னே நிற்குமானால், அந்தக் கோடையில் ஊர் தன் கடமையைச் செய்துவிட்டது எனலாம்.